படத்தின் கீழ்ப்பாதி

ரவ்தாவின் கடிதம் பிப்ரவரி நான்காம் தேதி, திங்கட்கிழமை காலையில் வந்தது. எங்கள் பிரவுசரில் ஓட்டை இருக்கிறது என்று வெளியாட்கள் எழுதும் கடிதங்களைப் படித்துத் தரம் பிரிப்பதுதான் கம்பெனியில் என் வேலை. வாரத்துக்கு நாற்பது வரும், முப்பத்தைந்து குப்பையாக இருக்கும். இந்தக் கடிதத்தில் அனுப்பியவர் பெயரைப் பார்த்ததுமே மற்றதையெல்லாம் தள்ளிவைத்தேன்.

"ஸுஹைர், இதை முதலில் படிக்கப்போவது நீ என்று தெரியும். அதனால் சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதுகிறேன்" என்று ஆரம்பித்திருந்தாள்.

நான்கு வருஷம் எனக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்தவள் அவள். துனிஸில் ஏரிக்கரைப் பக்கம், ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் எங்கள் கம்பெனி. யமாமா என்கிற பிரவுசர் எங்களுடையது. மட்டமான போனிலும் ஓடும், இணைப்பு இழுத்துக்கொண்டு நின்றாலும் ஓடும், அரபி எழுத்தைக் குதறாமல் காட்டும். ஊருக்குப் போகும் எந்த வண்டியில் ஏறினாலும் பத்துப் பேரில் மூன்று பேர் கையில் அதைப் பார்க்கலாம். படங்களைத் திரையில் காட்டும் பகுதியை எழுதியவள் ரவ்தா. அதில் ஒரு வரியை எங்கள் தொழில்நுட்பத் தலைவர் ஷத்லி அவளைக் கேட்காமல் நீக்கிவிட்டார். அந்த வரி இல்லாவிட்டால் பக்கம் கொஞ்சம் வேகமாகத் திறக்கிறது என்பது அவர் கணக்கு. மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும், 'ஸி' என்கிற மரியாதைச் சொல்லையும் விடாமல் சேர்த்து, "கழுதைக்குக் கடிவாளம் கனக்குதுன்னு கழட்டி விட்டுட்டீங்களா, ஸி ஷத்லி?" என்று அவள் கேட்டாள். அந்த வாரமே வேலையை விட்டுப் போனாள். போகும்போது என்னைப் பார்த்து, "நீயாவது வாயைத் திறப்பேன்னு நெனச்சேன்" என்றாள். நான் திறக்கவில்லை.

கடிதத்தில் இருந்த விஷயம் அந்த ஒரு வரியைப் பற்றியதுதான். ஒரு படத்தைக் காட்டுவதற்கு முன்னால் பிரவுசர் போனின் நினைவகத்தில் அதற்கென்று ஓர் இடத்தை ஒதுக்கும். அந்த இடத்தில் அதற்கு முன்பு வேறு ஏதாவது இருந்திருக்கும்: எழுதின மெயில், தட்டின கடவுச்சொல், படித்த பக்கம். அதைத் துடைத்துவிட்டுத்தான் படத்தை வைக்க வேண்டும். துடைப்பதற்கான வரியைத்தான் ஷத்லி எடுத்திருந்தார். முழுப் படம் வந்தால் பழையது மறைந்துவிடும், யாருக்கும் தெரியாது. யாராவது வேண்டுமென்றே பாதியில் அறுத்த படத்தை அனுப்பினால்? மேல்பாதியில் படம் இருக்கும். கீழ்ப்பாதியில் நினைவகத்தில் கிடந்த பழசு வண்ணப் புள்ளிகளாக வரும். கண்ணுக்கு வெறும் இரைச்சல்தான், ஆனால் அந்தப் பக்கத்தை நடத்துகிறவன் புள்ளிகளைத் திரும்ப எழுத்தாக மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

"கழுவாத தட்டில் பாதிக்கு மட்டும் குஸ்குஸ் போட்டு நீட்டுகிறீர்கள். மீதிப் பாதியில் முந்தின ஆள் தின்றது என்னவென்று தெரிகிறது" என்று எழுதியிருந்தாள். "இன்றிலிருந்து தொண்ணூறு நாள். அதற்குள் சரிசெய்யுங்கள். இல்லாவிட்டால் ஊரறிய எழுதுவேன்."

மறுநாள் அவள் அனுப்பியிருந்த சோதனைப் பக்கத்தை என் சொந்தப் போனில் திறந்தேன். மேலே ஒரு மீனின் தலை. கீழே பழைய தொலைக்காட்சியில் நிலையம் சரியாகக் கிடைக்காதபோது வருவதுபோலப் புள்ளிகள். பக்கத்தின் அடியில் ஒரு பொத்தான் இருந்தது, அழுத்தினேன். வந்த எழுத்துகளில் முதல் இரண்டு வரி குப்பை. மூன்றாவது வரியில், "அப்பா நேற்றும் என்னைச் சித்தப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார். அம்மாவிடம் சொல்லாதே" என்று இருந்தது. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் நான் அக்காவுக்கு எழுதியது.

போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தேன். பிறகு எடுத்து மறுபடி மறுபடி செய்துபார்த்தேன். பதினாறு தடவை. பதினொரு தடவை ஏதாவது ஒன்று கசிந்தது.

ஷத்லியின் அறைக்குப் போய்ச் சொன்னேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பதினாறுல அஞ்சு தடவை வரலையில்ல?"

"வரலை. ஆனா பதினொண்ணுல..."

"அப்ப 'எங்களால் இதை உறுதி செய்ய முடியவில்லை'ன்னு எழுதினா அது பொய்யா?"

"பொய்தான், ஸி ஷத்லி."

இப்போதுதான் என்னைப் பார்த்தார். "மகனே, மார்ச்ல புது போன் எல்லாத்துலயும் நம்ம யமாமாவை வச்சு விக்க ஒப்பந்தம். இந்த மாடியில அறுபது குடும்பம் சாப்பிடுது. உனக்கும் கோடையில கல்யாணம். அவ யாருக்காக எழுதியிருக்கா? ஜனங்களுக்காகவா? என் மூஞ்சியில கரியைப் பூச எழுதியிருக்கா. போய் நான் சொன்னதை எழுது. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்."

போய் எழுதினேன். இரண்டே வாக்கியம், கீழே என் பெயர்.

பத்து நிமிஷத்தில் போன் அடித்தது.

"உறுதி செய்ய முடியலையா?" என்றாள் ரவ்தா. "உன் போன்ல என்ன வந்துது, ஸுஹைர்? சொல்லு. காதலி பேரா, மூல வியாதியா?"

"அதிகாரபூர்வமான பதில் அதுதான்."

"அதிகாரபூர்வமா! உனக்கு முதுகெலும்பு இருந்த இடத்துல என்ன இருக்கு இப்ப? அதையும் துடைக்காம விட்டுட்டாங்களா?"

"நீ மரியாதையா எழுதியிருந்தா இங்க கொஞ்சம் மரியாதையா படிச்சிருப்பாங்க."

"நான் கவிதை எழுதலைடா. ஓட்டையைக் காட்டியிருக்கேன். எண்பத்தொன்பது நாள் இருக்கு" என்று வைத்துவிட்டாள்.

மார்ச்சில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. கேக் வெட்டினார்கள். அதே வாரம் ஷத்லி அவளுக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார்: கம்பெனி ரகசியத்தைத் திருடினாள், மிரட்டுகிறாள் என்று. அவள் அந்த நோட்டீஸைப் படம் பிடித்து எனக்கு அனுப்பி, "பிழை திருத்தி அனுப்பட்டுமா?" என்று மட்டும் கேட்டிருந்தாள்.

ஏப்ரலில்தான் ஷத்லிக்கு உறைத்தது. அவள் எழுதிய வரியைத் திரும்ப வைத்திருந்தால் ஒரு நாளில் முடிந்திருக்கும். அதை வைக்க மட்டும் அவருக்கு மனசு வரவில்லை. வேறு வழியில் அடைக்கிறேன் என்று தானே உட்கார்ந்து எழுதினார். பழைய போன்கள் உறைந்து நின்றன. மாற்றி எழுதினார், மறுபடி நின்றன. ஏப்ரல் முடியும்போது என்னைக் கூப்பிட்டு, "நீ போய்க் கேளு. ரெண்டு வாரம். உன்கிட்டதான் அவ பேசுவா" என்றார்.

ரவ்தா துனிஸை ஒட்டிய பார்தோவில், தன் அம்மா வீட்டில் இருந்தாள். இரண்டாவது மாடி. அவளே கதவைத் திறந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. எங்கள் ஊரில் கடன் கேட்டு வந்தவனைக்கூட வாசலில் நிறுத்த மாட்டார்கள். கதவில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். உள்ளேயிருந்து மிளகாய் வதங்கும் வாசனை வந்தது.

"ரெண்டு வாரம் கொடு" என்றேன்.

"மூணு மாசம் கொடுத்தேன்."

"வேலை நடக்குது. நிஜமா நடக்குது. திங்கட்கிழமை ரமலான் ஆரம்பம், ஆபீஸ் மத்தியானத்தோட மூடிடும், ஆள் கிடைக்கறதில்ல..."

"அது உங்க வீட்டு அடுப்பு. எனக்கெதுக்கு?"

"நீ எழுதினா எவனாவது படிச்சுட்டு அதையே செய்வான், ரவ்தா. சும்மா இருக்கற ஜனங்க மாட்டிக்குவாங்க."

"இப்ப மாட்டிக்கலைன்னு உனக்கு யார் சொன்னா? என்னால கண்டுபிடிக்க முடிஞ்சா இன்னொருத்தனாலயும் முடியும்." கொஞ்சம் குரலைத் தாழ்த்தினாள். "சரி, ஒண்ணு பண்ணு. 'ஓட்டை உண்மை, நான் பார்த்தேன்'னு ஒரு வரி எழுதி உன் கையெழுத்துப் போட்டுக் கொடு. ரெண்டு வாரம் இல்ல, ரெண்டு மாசம் தரேன்."

சட்டைப்பையில் இருந்த பேனாவை நான் எடுக்கவில்லை. வேலை போகும். கல்யாணம் தள்ளிப்போகும். திருட்டு கேஸில் என் பெயரும் சேரும். இதெல்லாம் அந்த அரை நிமிஷத்தில் வரிசையாக ஓடியது.

"உன் பதில் தெரிஞ்சுபோச்சு, போ" என்று கதவைச் சாத்தினாள்.

மே ஐந்தாம் தேதி, ரமலானுக்கு முந்தின நாள், அவள் எழுதிவிட்டாள். எப்படிச் செய்வது என்று முழு விவரத்தோடு. கம்பெனி மூன்று மாதமாகப் பொய் சொன்னதற்குச் சாட்சியாக என்னுடைய இரண்டு வாக்கியமும் அதில் இருந்தது, என் பெயரோடு. மறுநாள் காலை ஷத்லி அவளுடைய பழைய வரியைத் தேடி எடுத்து, எழுத்து மாறாமல் அதே இடத்தில் வைத்தார். சோதனை முடிந்து, கடைகளில் விற்றிருந்த போன்களுக்கும் போய்ச் சேர ஒன்பது நாள் ஆயிற்று.

அந்த ஒன்பது நாளில்தான் நடந்தது. 'இஃப்தார் மேசையில் நீங்கள் எந்தப் பலகாரம்?' என்று ஒரு விளையாட்டுப் பக்கம் எல்லோருடைய போனிலும் சுற்றியது. பத்துக் கேள்வி, பத்துப் படம். எல்லாப் படமும் பாதியில் அறுத்தது. விளையாடினவர்கள் இணைப்பு சரியில்லை என்று நினைத்துக்கொண்டார்கள். யார் நடத்தினார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை. அள்ளின குப்பையில் ஆளுடைய பெயரும் ஊரும் சேர்ந்து கிடைத்த துண்டுகளை அந்தந்த ஊர்க்காரர்கள் கூடும் இணையப் பக்கங்களில் போட்டுவிட்டார்கள். வேடிக்கைக்காகத்தான் போலிருக்கிறது.

மே இருபத்தேழாம் தேதி, காலை பதினொரு மணி. எங்கள் வாசற்கதவின் பூட்டு எண்ணை ரவ்தா போன பிறகும் யாரும் மாற்றவில்லை. அவளே எண்ணைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். பின்னால் ஒரு பெண்மணி, நாற்பத்தைந்து வயதிருக்கும், பழுப்பு நிற மேலங்கி, தோளில் கனமான தோல்பை. நோன்பு நேரம், எல்லோர் உதடும் காய்ந்திருந்தது. மாடியில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஷத்லி அறையிலிருந்து வெளியே வந்தார். "இவளை யார் உள்ள விட்டது?"

"உங்க கதவுலயும் ஓட்டைதான்" என்றாள் ரவ்தா. "இவங்க மதாம் நஸீஹா. கெலிபியாவிலிருந்து வந்திருக்காங்க. டீச்சர். இவங்களுக்குப் பதில் சொல்லுங்க."

நஸீஹா பையைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்து, பக்கத்திலிருந்த மேசைமேல் வைத்தார். அது என் மேசை. தன் ஊர்க்காரர்களின் இணையப் பக்கத்தில் வந்திருந்ததை அச்செடுத்திருந்தார். அவர் தன் மனநல மருத்துவருக்கு எழுதிய மெயிலின் ஒரு துண்டு: "பிள்ளைகள் கத்தினால் சுவர் என் பக்கமாக நகர்ந்து வருகிற மாதிரி இருக்கும். ஒரு தடவை வகுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய்க் கழிப்பறையில் ஒளிந்துகொண்டேன்." மேலே அவர் முழுப் பெயர், பள்ளிக்கூடத்தின் பெயர். கீழே இருநூற்றுப் பன்னிரண்டு பேர் எழுதியிருந்தார்கள். ஒருவர், "இதுகிட்டயா என் மகளை அனுப்பறோம்?" என்று கேட்டிருந்தார்.

"இதுக்கு அடுத்த வரி, 'ஆனால் அது நாலு வருஷத்துக்கு முந்தி, மருந்து ஆரம்பித்தபிறகு ஒரு தடவைகூட இல்லை'ன்னு எழுதியிருந்தேன்" என்றார் நஸீஹா. குரலை உயர்த்தவே இல்லை. "அந்த வரி வரலை. இவ்வளவுதான் வந்துது. வெள்ளிக்கிழமை தலைமையாசிரியர் கூப்பிட்டு, கொஞ்ச நாள் வீட்டுல இருங்கன்னு சொல்லிட்டார். இருபத்திரண்டு வருஷமா பூகோளம் சொல்லிக் கொடுக்கறேன். இதுக்கு யாரு காரணம்? எனக்கு அது மட்டும் தெரியணும்."

"மதாம், உட்காருங்க" என்றார் ஷத்லி. "ரொம்ப வருத்தமா இருக்கு. ஆனா நீங்க தப்பான இடத்துக்கு வந்திருக்கீங்க. இந்தப் பொண்ணு எழுதி ஊருக்கெல்லாம் வழி காட்டலைன்னா ஒருத்தனுக்கும் இது தெரிஞ்சிருக்காது. திருடனுக்குச் சாவி கொடுத்தவளே உங்களைக் கூட்டிட்டு வந்திருக்கா."

"பூட்டைக் கழட்டினது யாரு?" என்றாள் ரவ்தா. "மூணு மாசம் இல்லவே இல்லைன்னு சொன்னது யாரு?"

"நீ ரெண்டு வாரம் பொறுத்திருந்தா..."

"நீங்க ஒரு நாள் உங்க திமிரை இறக்கி வச்சிருந்தா..."

"போதும்" என்றார் நஸீஹா.

இரண்டு பேரும் நிறுத்தினார்கள். வகுப்பை அடக்கிப் பழகின குரல். அவர் முதலில் ரவ்தா பக்கம் திரும்பினார்.

"நேத்து உன் வீட்டு வாசல்ல வந்து கத்தினேன். உன் பேர்தான் முதல்ல கிடைச்சுது. ஒரு மன்னிப்பு கேட்டியா? இல்ல. இன்னிக்குக் காலையில, ஊர்லேருந்து வர்ற லுவாஜ் வாடகை வண்டி நிக்கற நிலையத்துக்கே காரை எடுத்துட்டு வந்து நிக்கறே. ஏறுங்க, காட்டறேன்னு சொல்றே. வழியெல்லாம் இந்த ஆளைப் பத்தியே பேசிட்டு வந்தே. என் பேர் என்னன்னு நடுவுல ரெண்டு தடவை கேட்டே. இவர் மண்டையில எறியறதுக்கு ஒரு கல் வேணும் உனக்கு. அதுக்கு நான் கிடைச்சேன்."

ரவ்தாவின் முகம் சிவந்தது. கார்ச் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு தலையைக் குனிந்தாள். அவளை அப்படி நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"இது எப்படி நடந்துதுன்னு யாராவது எனக்குக் காட்டுங்க" என்றார் நஸீஹா. "நான் முட்டாள் இல்லை. காட்டினா புரிஞ்சுக்குவேன்."

ஷத்லி, "அதெல்லாம் தொழில்நுட்பம், மதாம்" என்று ஆரம்பித்தார். நான் என் மேசை இழுப்பறையைத் திறந்து பழைய சோதனைப் போன் ஒன்றை எடுத்தேன். திருத்தம் போகாத போன். அதில் மெயில் பக்கத்தைத் திறந்து அவர் கையில் கொடுத்தேன்.

"ஏதாவது எழுதுங்க. அனுப்ப வேண்டாம். எழுதிட்டு மூடிடுங்க."

அவர் ஒரு விரலால் மெதுவாகத் தட்டினார். நான் பார்க்கவில்லை. மூடிவிட்டு நீட்டினார். ரவ்தாவின் சோதனைப் பக்கத்தைத் திறந்தேன். மீனின் தலை வந்தது. அதற்குக் கீழே புள்ளிகள்.

"இந்தப் புள்ளிதான் நீங்க எழுதினது" என்றேன். "பொத்தானை அழுத்துங்க."

அழுத்தினார். முதல் தடவை ஒன்றும் வரவில்லை. இரண்டாவது தடவை வந்தது. திரையை எல்லோரும் பார்த்தோம்: "என் பெயர் நஸீஹா எனக்குப் பைத்தியம்". அதற்கப்புறம் கட்டம் கட்டமாகக் குப்பை எழுத்து.

"'இல்லை'ன்னு முடிச்சிருந்தேன்" என்றார் அவர்.

அவர் போனை வாங்கி முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இப்படி வரும்னு உங்களுக்கு எப்ப தெரியும்?"

"ஸுஹைர்" என்றார் ஷத்லி. எச்சரிக்கை.

"பிப்ரவரி அஞ்சாம் தேதி" என்றேன். "இதே மேசையில பார்த்தேன். பதினொரு தடவை. பார்க்கலைன்னு எழுதினேன். எழுதச் சொன்னது இவர். எழுதின கை என்னுது."

நஸீஹா என்னை ஏற இறங்கப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"இதே வார்த்தையை எழுதிக் கொடு" என்றார்.

"மகனே," என்றார் ஷத்லி, "அந்தப் பேனாவைத் தொட்டேன்னா நாளைக்கு இந்த நாட்டுல எவனும் உனக்கு வேலை தர மாட்டான். அதை நான் பார்த்துக்குவேன். பத்திரமா யோசி."

"யோசிச்சு யோசிச்சுத்தான் இங்க வந்து நிக்குது, ஸி ஷத்லி."

"பெரிய வீரன்! பிப்ரவரியிலிருந்து என் சம்பளத்தைத் தின்னப்போ எங்க போச்சு இந்த வீரம்?"

உட்கார்ந்து எழுதினேன். இரண்டு பக்கம் வந்தது. மாடியில் அறுபது பேரும் வேலை செய்வதுபோல நடித்துக்கொண்டிருந்தார்கள். நஸீஹா என் தோளுக்குப் பின்னால் நின்று, பரீட்சைப் பேப்பரைப் பார்ப்பதுபோல வரி வரியாகப் படித்தார்.

"தேதி போடலை" என்றார். போட்டேன். "இங்க 'தெரிவிக்கப்பட்டது'ன்னு இருக்கு. யார் தெரிவிச்சா? பேரை எழுது." ஷத்லியின் பெயரை எழுதினேன். "வாசல்ல அந்தப் பொண்ணு கையெழுத்துக் கேட்டதை ஏன் எழுதலை? கார்ல சொன்னாளே." அதையும் எழுதினேன்.

முடித்ததும் ரவ்தா கையை நீட்டினாள். "எனக்கு ஒரு நகல் வேணும். என்மேல கேஸ் போட்டிருக்காங்க."

நஸீஹா காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துப் பூட்டினார். "உனக்கு வேணும்னா கோர்ட்டுல வாங்கிக்கோ. உன் பேரையும் சேர்த்துத்தான் கொடுக்கப்போறேன். ஒன்பது நாள் என் மெயில் திறந்து கிடக்கும்னு தெரிஞ்சேதானே எழுதினே?"

"நான் எழுதலைன்னா இவங்க இன்னும்..."

"தெரிஞ்சுதானே எழுதினே?"

ரவ்தா தலையை அசைத்தாள். "தெரிஞ்சுதான்."

நஸீஹா யாரிடமும் விடைபெறாமல் படியிறங்கிப் போனார். காரில் கொண்டுவிடுகிறேன் என்று ரவ்தா பின்னாலேயே போனாள். கீழே அவர் கையை உதறிவிட்டு டாக்ஸியை நிறுத்துவது சன்னல் வழியாகத் தெரிந்தது.

ஷத்லி என் அடையாள அட்டையைக் கேட்டார், கொடுத்தேன். என் பொருட்கள் ஒரு பையில் அடங்கின. கட்டட வாசலில் ரவ்தா தன் காரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள்.

"என் வாசல்ல நின்னியே, அன்னிக்கு எங்க போச்சு அந்தப் பேனா?" என்றாள். "ஒரு வரி கேட்டேன். இன்னிக்கு ரெண்டு பக்கம் எழுதறே."

"ஒன்பது நாள், ரவ்தா. நீ ஒன்பது நாள் பொறுத்திருக்கலாம்."

"தொண்ணூறு நாள், ஸுஹைர்."

"உனக்கு அவர் தோக்கணும். அதுக்காகத்தான் எழுதினே."

"ஆமா. தோக்கணும்தான். ஆனா ஓட்டை நிஜம்தானே? ரெண்டும் ஒரே நேரத்துல நிஜமா இருக்கக் கூடாதா?" சாவியை எடுத்தாள். "நீ மட்டும் என்ன, அந்தம்மாவுக்காகவா எழுதினே? உன் நெஞ்சு எரிச்சல் தாங்காம எழுதினே."

கார் போய்விட்டது. அதற்கப்புறம் நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

நஸீஹா போட்ட வழக்கு பதினான்கு மாதம் நடந்தது. என்னை மூன்று தடவை கூண்டில் ஏற்றினார்கள். கம்பெனியின் வக்கீல் என்னை வேலை போன ஆத்திரத்தில் பேசுகிறவன் என்றார். வேலை போனதே பேசினதால்தான் என்று நீதிபதி அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. தீர்ப்பில் கம்பெனிக்கு அபராதம் விழுந்தது. ஷத்லி தலைவர் பதவியை விட்டார். ஆறே மாதத்தில் வேறு பெயரில் வேறு கம்பெனி ஆரம்பித்து நன்றாகவே இருக்கிறார். ரவ்தாமேல் போட்ட திருட்டு கேஸ் தள்ளுபடி ஆயிற்று. ஆனால் தீர்ப்பில் அவளைப் பற்றி ஒரு பத்தி இருந்தது: வெளியிட்ட விவரத்தில் பாதியை நிறுத்தி வைத்திருந்தாலும் எச்சரிக்கை எச்சரிக்கையாகவே இருந்திருக்கும், அவள் அதை யோசிக்கவில்லை என்று. அதை வாசிக்கும்போது அவள் எழுந்து வெளியே போனாள். என் கல்யாணம் ஒரு வருஷம் தள்ளிப்போய் நடந்தது. இப்போது சூஸாவில் ஒரு மருத்துவமனையின் கணினிப் பிரிவில் இருக்கிறேன். சம்பளம் பாதி.

நஸீஹாவை முதலில் கல்வி அலுவலகத்தில் கோப்பு அடுக்கும் வேலையில் போட்டார்கள். அவருடைய நன்மைக்காக என்று சொன்னார்கள். அவர் அதையும் எதிர்த்து எழுதி, மருத்துவரின் சான்றிதழ் கொடுத்து, இரண்டாவது வருஷம் வகுப்புக்கே திரும்பினார். ஏழு பெற்றோர்கள் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றினார்கள். மற்றவர்கள் மாற்றவில்லை.

தீர்ப்பு வந்த அன்று நீதிமன்றத்தின் வெளிப்படிக்கட்டில் அவர் பக்கத்தில் போய் நின்றேன். என்ன சொல்வதென்று யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது. "மதாம்..." என்று மட்டும் சொன்னேன்.

"நீ செஞ்சது சரின்னு நான் சொல்லணும்னு வந்திருக்கே" என்றார்.

"இல்ல..."

"அதுக்குத்தான் வந்திருக்கே. முகத்துல எழுதியிருக்கு. சொல்ல மாட்டேன், தம்பி. நீ நேரத்துல ஒரு வரி எழுதியிருந்தா உன்னை எனக்குத் தெரிஞ்சே இருக்காது. எனக்கு அதுதான் வேணும்." கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ரெண்டு மணிக்குள்ள லுவாஜைப் பிடிக்கணும். நாளைக்கு ஒன்பதாம் வகுப்புக்கு நதிகள் நடத்தணும்."

படியிறங்கி, வெயிலில் தெருவைக் கடந்து போனார்.